கட்டற்ற மென்பொருளைத் திருத்தவும் பகிரவும்: உரிமம் படிக்கப் பழகும் வழி

படக்கோப்புகளை எடுத்த தேதிப்படி பெயர் மாற்றி அடுக்கித் தரும் ஒரு சின்ன நிரல் உங்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஒரே ஒரு குறை. ஒரே நொடியில் எடுத்த இரண்டு படங்கள் இருந்தால், ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதிவிடுகிறது. நாலு வரி சேர்த்தால் சரியாகிவிடும், அது உங்களுக்கும் தெரியும். சேர்க்கலாமா? சேர்த்ததை நண்பருக்குக் கொடுக்கலாமா? காசு வாங்கிக்கொண்டு கொடுக்கலாமா? கொடுத்தால் மூலநிரலையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டுமா?

பதில் எல்லாம் அந்த நிரலோடு வந்த ஓர் உரைக்கோப்பில் இருக்கிறது. அதுதான் உரிமம், பேச்சில் லைசென்ஸ். எதை நிறுவினாலும் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பழகிவிட்டதால், இதையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் பல வருஷம் பார்த்ததில்லை. பார்க்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, இதில் பாதிக்கு மேல் நமக்குக் கொடுத்திருக்கும் அனுமதிதான் என்று.

முதலில் இரண்டு சொற்குழப்பம்

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் காசில்லாததையும் குறிக்கும், கட்டில்லாததையும் குறிக்கும். அதனால் அவர்கள் வருஷக்கணக்காக விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 1983-இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றைக் கட்டும் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985 வாக்கில் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார். விலை இருந்தது, கட்டு இல்லை. வாங்கியவர் அதை ஊருக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுக்கலாம்.

ஒரு மென்பொருளைக் கட்டற்றது என்று சொல்ல நான்கு உரிமைகள் வேண்டும்: எந்தக் காரியத்துக்கும் இயக்குவது, உள்ளே பார்த்து மாற்றிக்கொள்வது, நகலைப் பிறருக்குத் தருவது, மாற்றியதையும் பிறருக்குத் தருவது. (இவற்றை 0 முதல் 3 வரை எண்ணுவார்கள். எண்ணியவர்கள் நிரலர்கள் அல்லவா!)

இரண்டாவது குழப்பம் நம்முடையது. 'காப்புரிமை' என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரையில் எழுதியவருக்குத் தானாகக் கிடைக்கும் உரிமை பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்து வாங்கும் பேடன்ட் காப்புரிமை. உரிமங்கள் பெரும்பாலும் பதிப்புரிமையின் மேல் நிற்பவை. காப்புரிமை சில இடங்களில் மட்டும் தலைகாட்டும்.

படி 1: உரிமம் இருக்கிறதா என்று தேடுங்கள்

நிரலின் முதன்மைக் கோப்புறையில் 'லைசென்ஸ்' அல்லது 'காப்பியிங்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். இல்லாவிட்டால் 'ரீட்மீ' கோப்பின் கடைசியில் ஒரு வரி. அதுவும் இல்லாவிட்டால் ஒவ்வொரு நிரல்கோப்பின் தலையிலும் இருக்கும் குறிப்பு. இந்த மூன்றையும் பாருங்கள், ஏனென்றால் மூன்றும் சில சமயம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. முகப்பில் ஒன்று சொல்லியிருப்பார்கள், உள்ளே ஒரு கோப்பு வேறெங்கிருந்தோ வந்ததாக அதன் தலைக்குறிப்பில் இருக்கும். அந்தக் கோப்பைப் பொறுத்தவரை அதன் தலைக்குறிப்பைத்தான் நம்ப வேண்டும். எழுத்துரு, சின்னங்கள், படங்கள் இருக்கும் கோப்புறைகளையும் விடாதீர்கள். நிரலுக்கு ஓர் உரிமமும் எழுத்துருவுக்கு வேறோர் உரிமமும் இருப்பது மிகச் சாதாரணம்.

சரி, எங்கேயும் எதுவும் இல்லை என்றால்? புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'உரிமம் போடவில்லை, அப்படியென்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். 1886-இல் உருவாகி, இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கும் பெர்ன் உடன்படிக்கையின்படி, எழுதிய அந்தக் கணமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டாம், குறி போட வேண்டாம். உரிமம் இல்லாத நிரல் என்றால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது என்று பொருள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால், அந்தத் தளத்தின் விதிகள்படி நீங்கள் அதைப் பார்க்கலாம், அங்கேயே உங்கள் கணக்கில் ஒரு கிளை, அதாவது தனி நகல், எடுக்கலாம். அதற்கு மேல் எதையும் அந்த விதிகள் தரவில்லை.

இதற்கு வழி மிக எளிது. எழுதியவரைக் கேளுங்கள். 'உங்கள் நிரல் பயனுள்ளதாக இருக்கிறது, சில திருத்தங்கள் செய்து பகிர விரும்புகிறேன், ஏதாவது ஓர் உரிமத்தைச் சேர்க்க முடியுமா?' என்று மூன்று வரி போதும். பலருக்கு அது மறதிதான். கேட்டதும் சேர்த்துவிடுவார்கள். பதிலே வராவிட்டால் அந்த நிரலை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.

படி 2: எந்தக் குடும்பம் என்று பாருங்கள்

உரிமங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், அன்றாடம் கண்ணில் படுபவை பத்துக்குள்தான். அவற்றில் சின்னது எம்ஐடி உரிமம். அதை ஒருமுறை வரிவரியாகப் பார்த்துவிட்டால் மற்றவற்றைப் படிக்கும் பயம் போய்விடும்.

முழு உரையும் இருநூறு சொல்லைத் தாண்டாது. முதல் வரியில் ஆண்டும் பதிப்புரிமையாளரின் பெயரும். அடுத்த பத்தியில் அனுமதி: பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், பிறவற்றோடு இணைக்கலாம், வெளியிடலாம், வினியோகிக்கலாம், பிறருக்கு உள்ளுரிமம் தரலாம், விற்கலாம். எட்டு வினைச்சொற்கள். அதன் பிறகு ஒரே ஒரு நிபந்தனை: மேலே உள்ள பதிப்புரிமை வரியும் இந்த அனுமதிக் குறிப்பும் எல்லா நகல்களிலும், நிரலின் கணிசமான பகுதிகளிலும் இருக்க வேண்டும். கடைசிப் பத்தி முழுக்கப் பெரிய எழுத்தில் கத்தும்: எந்த உத்தரவாதமும் இல்லை, ஏதாவது கெட்டுப்போனால் எங்களைப் பிடிக்காதே. அவ்வளவுதான் உரிமம்.

அந்த ஒரே நிபந்தனையைத்தான் மக்கள் அதிகம் மீறுகிறார்கள் என்பது வேடிக்கை. ஒரு செயலிக்குள் இருபது எம்ஐடி நிரலகங்களை (பிறர் எழுதிவைத்த, எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுதிகளை) சேர்த்திருப்பார்கள், ஓர் இடத்தில்கூட அந்தக் குறிப்புகள் இருக்காது. கைப்பேசிச் செயலிகளில் 'எங்களைப் பற்றி' பகுதிக்குள் போனால் 'திறமூல உரிமங்கள்' என்று ஒரு நீண்ட பட்டியல் வருமே, அது இந்த நிபந்தனையை நிறைவேற்றத்தான்.

பிஎஸ்டி உரிமங்களும் ஏறக்குறைய இதே குணம்தான். ஆனால் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த பழைய பிஎஸ்டியில் ஒரு வம்பு இருந்தது. மென்பொருளை விளம்பரப்படுத்தும்போதெல்லாம் 'இதில் இன்னார் எழுதியது இருக்கிறது' என்று ஒரு வாக்கியம் போட வேண்டும் என்றது. எடுத்தாண்டவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 1997 பதிப்பு ஒன்றில் இப்படி 75 வாக்கியங்கள் இருந்ததை ஸ்டால்மன் எண்ணிச் சொன்னார். 1999-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் அந்த விதியைக் கைவிட்டது. இன்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று விதி உள்ள பிஎஸ்டி. சொந்தமாக உரிமம் எழுத ஆசைப்படும் எல்லோருக்கும் நான் இந்த 75 வாக்கியக் கதையைத்தான் சொல்வேன்.

2004-இல் வந்த அப்பாச்சி 2.0 கொஞ்சம் நீளம். எம்ஐடி தருவதோடு இரண்டு மூன்று கூடுதல் விஷயங்கள். மாற்றிய கோப்புகளில் 'மாற்றினேன்' என்று குறிப்பு வைக்க வேண்டும். 'நோட்டீஸ்' என்ற கோப்பு கூட வந்தால் அதில் உள்ள நன்றிக் குறிப்புகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். நிரல் எழுதியவர்களின் காப்புரிமைகளுக்கும் அனுமதி கிடைக்கிறது. ஆனால் அந்த நிரல் உங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால் அந்த அனுமதி உங்களுக்குப் போய்விடும்.

இனி காப்பிலெஃப்ட் குடும்பம். அதன் தலைமகன் ஜிபிஎல். முதல் பதிப்பு 1989, இரண்டாவது 1991, மூன்றாவது 2007. லினக்ஸ் கருனி (அந்த இயங்குதளத்தின் மையப்பகுதி) இரண்டாம் பதிப்பில் நிற்கிறது, படம் திருத்தும் கிம்ப் மூன்றாவதில். ஜிபிஎல் சொல்வதைப் பேச்சுவழக்கில் சொன்னால்: 'உனக்குக் கிடைத்த நான்கு உரிமையும் உன்னிடம் வாங்குபவருக்கும் கிடைக்க வேண்டும். நிரலைக் கொடுத்தால் மூலநிரலையும் கொடு, இதே உரிமத்தின் கீழ் கொடு.' எம்ஐடி நிரலை எடுத்து மாற்றி, மூடிப் பூட்டி விற்கலாம். ஜிபிஎல் நிரலை அப்படிச் செய்ய முடியாது.

இவ்விரண்டுக்கும் நடுவில் இரண்டு. எல்ஜிபிஎல் நிரலகங்களுக்கானது. உங்கள் நிரல் மூடியதாக இருக்கலாம், ஆனால் அந்த நிரலகத்தில் செய்த மாற்றங்கள் திறந்திருக்க வேண்டும், பயனர் விரும்பினால் அந்த நிரலகத்தை மட்டும் கழற்றி வேறு பதிப்பை மாட்ட வழி இருக்க வேண்டும். எம்பிஎல் 2.0 கோப்பு அளவில் நிற்கும். நீங்கள் கைவைத்த எம்பிஎல் கோப்பைத் திறந்து கொடுத்தால் போதும், பக்கத்தில் இருக்கும் உங்கள் சொந்தக் கோப்புகளைப் பற்றி அது கேட்காது. ஃபயர்ஃபாக்ஸ் இந்த வகை. ஏஜிபிஎல் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்.

படி 3: உங்கள் கையை விட்டுப் போகிறதா?

எனக்குத் தெரிந்து ஜிபிஎல் பற்றிய பயத்தில் முக்கால்வாசி இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருகிறது. ஒரு ஜிபிஎல் நிரலை எடுத்து, தலைகீழாக மாற்றி, உங்கள் கணினியில் பத்து வருஷம் ஓட்டுங்கள். யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம். ஒரு நிறுவனம் தன் உள்வேலைக்கு மாற்றி ஓட்டினாலும் அப்படியே. கடமை பிறப்பது நகல் அடுத்தவர் கைக்குப் போகும்போதுதான். நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் போகிறது. தளத்தில் பதிவிறக்கத்துக்கு வைத்தால் போகிறது. ஒரு கருவிக்குள் பதித்து அந்தக் கருவியை விற்றாலும் போகிறது. இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரூட்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உள்ளே லினக்ஸ் ஓடுகிறது என்று வாங்கிய சிலர் கண்டுபிடித்து, மூலநிரல் எங்கே என்று கேட்டார்கள். 2003-இல் நிறுவனம் அதை வெளியிட்டது. அதை வைத்து ஆர்வலர்கள் கட்டத் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் இயங்குதளம். இன்று நூற்றுக்கணக்கான ரூட்டர் மாதிரிகளில் அது ஓடுகிறது. ஓர் உரிம விதியைப் பயனர்கள் கேட்டு வாங்கியதால் கிடைத்தது இது.

சரி, நிரல் உங்கள் சர்வரிலேயே இருக்கிறது, மக்கள் உலாவி வழியாக வந்து பயன்படுத்துகிறார்கள் என்றால்? நகல் யார் கைக்கும் போகவில்லை. ஆகவே ஜிபிஎல் வாய் திறக்காது. இந்த இடைவெளியை அடைக்க 2007-இல் வந்ததுதான் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. மாற்றிய நிரலை வலைவழியே பிறர் பயன்படுத்தும்படி ஓட்டினால், அவர்களுக்கு மூலநிரல் பெற வழி காட்ட வேண்டும் என்கிறது. சமூக வலைத்தள மென்பொருளான மாஸ்டடன், கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் எல்லாம் இந்த உரிமத்தில்தான் இருக்கின்றன. மாற்றாமல் அப்படியே ஓட்டினால் இந்த விதி எழாது. ஆனால் நிறத்தை மாற்றுவது, ஒரு பொத்தானைச் சேர்ப்பது எல்லாம் மாற்றம்தான், கவனம்.

படி 4: திருத்தும்போது

இனி கை வைக்கலாம். முதல் விதி: கோப்பின் தலையில் இருக்கும் குறிப்பைத் தொடாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, தொட்டவன் நான். ஒரு பழைய நிரலை எடுத்துச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி, எல்லாக் கோப்புகளிலும் தலையில் திரும்பத் திரும்ப வந்த பன்னிரண்டு வரியை ஒரு ஸ்கிரிப்ட் எழுதி நீக்கினேன். கோப்புகள் பார்க்க அழகாக இருந்தன. பொதுவில் வைத்த இரண்டாம் வாரம், மூல ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம். கோபமே இல்லை. 'என் பெயரைத் தேடினேன், காணவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று மாலையே பன்னிரண்டு வரியையும் திரும்ப ஒட்டினேன். இப்போதும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் காது சூடாகும்.

இதே காரியத்துக்காக நீதிமன்றம் வரை போன வழக்கும் உண்டு. பொம்மை ரயில்களைக் கணினி வழியாக ஓட்டும் ஜேஎம்ஆர்ஐ என்ற கட்டற்ற மென்பொருள். அதன் கோப்புகளை எடுத்தாண்ட ஒரு தரப்பு ஆசிரியர் பெயர்களையும் பதிப்புரிமைக் குறிப்புகளையும் விட்டுவிட்டது. 'இலவசமாகத் தந்த நிரலுக்கு நிபந்தனையெல்லாம் செல்லுமா?' என்பதுதான் கேள்வி. செல்லும், மீறினால் பதிப்புரிமை மீறலாகவே பார்க்கலாம் என்று 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்று அந்த வழக்கைச் சொல்வார்கள். பொழுதுபோக்குக்கு எழுதிய ரயில் மென்பொருள் இத்தனை பேருக்கு வழக்காதாரம் ஆனது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆக, பழைய குறிப்பை வைத்துக்கொண்டு, அதன் கீழ் உங்களுடையதைச் சேருங்கள். நம் படக்கோப்பு நிரலில் இப்படி இருக்கலாம்:

பதிப்புரிமை 2019 (மூல ஆசிரியரின் பெயர்)
பதிப்புரிமை 2025 (உங்கள் பெயர்)
2025 மார்ச் 4: ஒரே நொடியில் எடுத்த படங்களுக்கு வரிசை எண் சேர்க்கும்படி மாற்றப்பட்டது.

மூன்றே வரி. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மாற்றிய கோப்பிலேயே மாற்றமும் தேதியும் இருக்க வேண்டும் என்கிறது. மூன்றாம் பதிப்பு, மொத்தப் படைப்பில் மாற்றியதற்கான குறிப்பும் தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. அப்பாச்சியும் மாற்றிய கோப்புகளில் குறிப்புக் கேட்கிறது என்று முன்பே பார்த்தோம். எம்ஐடி கேட்பதில்லை, ஆனாலும் எழுதுங்கள். பிழை வந்தால் மூல ஆசிரியரைத் திட்டாமல் உங்களிடம் வருவார்கள், அது அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. 'மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றில்தான் எல்லாம் இருக்கிறதே' என்பார்கள் சிலர். கோப்பை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போகிறவர் கையில் கிட் வரலாறு இருக்காது.

இங்கே இன்னொரு பொறி: பெயரும் சின்னமும். நிரலை மாற்ற உரிமம் அனுமதிக்கும், மாற்றியதற்கு அதே பெயரை வைக்க வணிகக்குறி விடாமல் போகலாம். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் தொகுப்பாளர்கள் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் தங்கள் திருத்தங்களைச் சேர்த்தபோது இந்தச் சிக்கல் வந்து, 2006 முதல் 2016 வரை அதை 'ஐஸ்வீசல்' என்ற பெயரில்தான் தந்தார்கள். நரிக்குப் பதில் மரநாய். நீங்கள் சின்னத் திருத்தம் செய்து மூலத்துக்கே திருப்பி அனுப்பப் போகிறீர்கள் என்றால் இந்தக் கவலை வேண்டாம். தனிக்கிளையாக நடத்தப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே வேறு பெயர் வைத்துவிடுங்கள். எழுத்துருக்களுக்கென எஸ்ஐஎல் என்ற அமைப்பு எழுதிய ஓஎஃப்எல் உரிமம் இதையே விதியாக எழுதிவைத்திருக்கிறது: ஆசிரியர் ஒதுக்கிவைத்த பெயரை, மாற்றிய எழுத்துருவுக்கு அவர் அனுமதி இல்லாமல் வைக்கக்கூடாது.

படி 5: கொடுக்கும்போது

எம்ஐடி, பிஎஸ்டி என்றால் உரிமக் கோப்பையும் பதிப்புரிமைக் குறிப்பையும் கூடவே வையுங்கள், வேலை முடிந்தது. அப்பாச்சி என்றால் அதோடு நோட்டீஸ் கோப்பு.

ஜிபிஎல் என்றால் மூலநிரல். இங்கே 'மூலநிரல்' என்பதற்கு அந்த உரிமமே பொருள் சொல்கிறது: மாற்றம் செய்ய வசதியான வடிவம். இடைவெளியெல்லாம் நசுக்கி ஒரே வரியாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மூலநிரல் ஆகாது. நிரலைத் தொகுத்து ஓடும் வடிவுக்குக் கொண்டுவரும் ஸ்கிரிப்டுகளும் சேர்த்தி. வாங்கியவர் அதை வைத்து அதே நிரலைக் கட்டியெழுப்ப முடிய வேண்டும்.

எப்படித் தருவது? தளத்தில் பதிவிறக்கத்துக்கு வைத்தால் ஓடும் கோப்பின் பக்கத்திலேயே மூலநிரலின் தொகுப்பையும் வையுங்கள். இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கருவியாகவோ வட்டிலோ கொடுத்தால், மூலநிரலைக் கூடவே தரலாம், அல்லது 'கேட்டால் தருகிறோம்' என்று குறைந்தது 3 ஆண்டு செல்லுபடியாகும் எழுத்துபூர்வ உறுதி தரலாம். என் கருத்து, இந்த இரண்டாவது வழிப்பக்கமே போகாதீர்கள். மூன்று வருஷம் கழித்து எந்தப் பதிப்பை யாருக்குக் கொடுத்தோம் என்று தேடுவது தலைவலி.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. மாற்றிய நிரலைக் கொடுத்துவிட்டு, மூலநிரலுக்கு மூலத் திட்டத்தின் சுட்டியைத் தருவது. அங்கே இருப்பது அவர்களுடையது, உங்கள் நாலு வரி அங்கே இல்லை. கொடுத்த பதிப்புக்குச் சரியாகப் பொருந்தும் மூலநிரலைத்தான் தர வேண்டும். வெளியிடும்போதே கிட்டில் அந்த இடத்துக்கு ஒரு டேக், அதாவது அடையாளப் பெயர், போட்டுவிடுங்கள். பிறகு யார் கேட்டாலும் இரண்டு நிமிஷ வேலை.

விலை? எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். வாங்கியவர் மறுநாளே அதைச் சும்மா எல்லோருக்கும் கொடுக்கலாம், அதைத் தடுக்க உங்களுக்கு வழியில்லை. 'வாங்குபவர் வேறு யாருக்கும் தரக்கூடாது' என்று தனியாக ஒரு கட்டுப்பாட்டை ஒட்டினால் ஜிபிஎல் மீறியதாகிவிடும்.

படி 6: இரண்டை ஒன்றாகச் சேர்க்கும்போது

ஓடை ஆற்றில் கலக்கும், ஆறு ஓடைக்குத் திரும்பாது. எம்ஐடி நிரலை ஜிபிஎல் திட்டத்துக்குள் கொண்டுவரலாம்; மொத்தமும் ஜிபிஎல்லாகப் போகும், எம்ஐடி குறிப்பு அதன் கோப்பில் அப்படியே இருக்கும். ஜிபிஎல் நிரலை எம்ஐடி திட்டத்துக்குள் கொண்டுவந்து, மொத்தமும் எம்ஐடி என்று சொல்ல முடியாது.

ஜிபிஎல்லுக்குள்ளேயே பதிப்புத் தகராறு உண்டு. 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்று சொன்ன நிரலும் மூன்றாம் பதிப்பு நிரலும் ஒரே நிரலாகச் சேராது. 'இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியது' என்று எழுதியிருந்தால் சேரும். 'அல்லது அதற்குப் பிந்தியது' என்ற மூன்று சொல்லுக்கு இவ்வளவு கனம். அப்பாச்சி 2.0 நிரல் மூன்றாம் பதிப்போடு சேரும், 'இரண்டு மட்டும்' என்பதோடு சேராது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. காப்புரிமை பற்றிய விதிதான் இடிக்கிறது.

'வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது' என்று ஒரு வரி இருந்தால் அது கட்டற்ற உரிமமே இல்லை, ஜிபிஎல்லோடு சேராது. நல்லெண்ணத்தில் எழுதியவையும் சிக்கல் தரும். ஜேசன் என்ற தரவு வடிவத்தைக் கையாளும் நிரல்களோடு வந்த ஓர் உரிமத்தில் 'இந்த மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல' என்று ஒரு வரி உண்டு. யார் மறுப்பார்கள்? ஆனால் எந்தக் காரியத்துக்கும் இயக்கலாம் என்ற முதல் உரிமை அதில் அடிபடுகிறது. டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை.

ஆவணம், படம், பாட்டு இவற்றுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் நன்றாகப் பொருந்தும். நிரலுக்கு அதைப் போடாதீர்கள். அந்த அமைப்பே வேண்டாம் என்கிறது.

படி 7: உங்கள் சொந்த நிரலுக்கு உரிமம் போடும்போது

யார் வேண்டுமானாலும் எடுத்து எதுவும் செய்யட்டும் என்றால் எம்ஐடி. காப்புரிமைப் பக்கமும் தெளிவாக இருக்கட்டும் என்றால் அப்பாச்சி. என்னிடம் எடுத்ததை யாரும் மூடி விற்கக்கூடாது என்றால் ஜிபிஎல் மூன்று. வலைச்சேவைக்கான நிரல், அதே எண்ணம் என்றால் ஏஜிபிஎல். ஏற்கெனவே ஒரு சமூகத்துக்குள் எழுதுகிறீர்கள் என்றால் அங்கே எல்லோரும் எதைப் போடுகிறார்களோ அதையே போடுங்கள், சேர்ப்பது சுலபம். இதற்கு மேல் யோசித்து ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்.

உரிமத்தின் முழு உரையையும் எழுத்து மாறாமல் ஒரு கோப்பில் வையுங்கள். ஜிபிஎல்லைப் பொறுத்தவரை இது விதி: அந்த ஆவணத்தை யாரும் நகலெடுக்கலாம், மாற்றக்கூடாது என்று அதன் தலையிலேயே இருக்கிறது. மாற்றும் உரிமைக்காகப் போராடும் ஆவணம் தன்னை மாற்ற விடாது! பிறகு ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஆண்டு, பெயர், எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி. இந்த அடையாளம் உரிமத்துக்கான ஒரு குறுகிய பெயர், மனிதர்களைவிட இயந்திரங்களுக்குப் பயன்படும். 2017 முதல் லினக்ஸ் கருனியிலும் இதையே போட்டுவருகிறார்கள்.

பிறர் பங்களிக்கத் தொடங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். அவர்கள் எழுதிய வரிகளின் பதிப்புரிமை அவர்களுடையது. பின்னால் உரிமத்தை மாற்ற நினைத்தால் அத்தனை பேரையும் கேட்க வேண்டும். விஎல்சி என்ற வீடியோ இயக்கியின் உள்நிரலகத்தை 2011-இல் ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது, வருஷங்களுக்கு முன் எழுதிவிட்டுப் போனவர்களையெல்லாம் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. லினக்ஸ் கருனியில் 2004 முதல், 'இதை இந்த உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு' என்று ஒவ்வொரு திருத்தத்திலும் பங்களிப்பாளர் ஒரு வரி கையொப்பம் இடுகிறார். கிட்டில் கமிட் செய்யும்போது ஒரு சின்னத் தெரிவைச் சேர்த்தால் அந்த வரி தானாக வந்துவிடும். சின்னத் திட்டத்துக்கும் இது போதும். உரிமத்தை மாற்றினாலும், ஏற்கெனவே பழைய உரிமத்தில் வெளியே போன பதிப்புகள் அந்த உரிமத்திலேயே தொடரும்.

தவறிவிட்டால்

இதையெல்லாம் படித்துவிட்டு, போன வருஷம் கொடுத்த ஏதோ ஒரு நிரல் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்குகிறதா? ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு கண்டிப்பானது; மீறினால் உரிமை உடனே போய்விடும். மூன்றாம் பதிப்பு கொஞ்சம் மனிதத்தன்மையோடு எழுதியது. முதல்முறை மீறியவர், அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை முழுதாகத் திரும்பிவிடும். லினக்ஸ் கருனி இரண்டாம் பதிப்பிலேயே இருந்தாலும், அதன் நிரலர்கள் பலர் 2017-இல் இந்த அவகாசத்தைத் தாங்களும் தருவதாகக் கையெழுத்திட்டார்கள்.

அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். விடுபட்ட குறிப்புகளைத் திரும்பச் சேருங்கள், மூலநிரலைப் பக்கத்தில் வையுங்கள், யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்களுக்குச் சுட்டியை அனுப்புங்கள். பிறகு மூல ஆசிரியருக்கு ஒரு கடிதம்: என்ன விடுபட்டது, எந்தத் தேதியில் சரிசெய்தீர்கள், இப்போது எங்கே பார்க்கலாம். எனக்கு அந்தப் பன்னிரண்டு வரிக்குப் பதில் கடிதம் ஒரே நாளில் வந்தது. நன்றி என்று ஒரு சொல், அதோடு நான் பார்க்காமல் விட்ட ஒரு பிழைக்குத் திருத்தம்.